ஹோஷியார் ஸெபாரி: இடைக்கால ஈராக்கின் குரலாக ஒலித்த குர்தியர்

2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கெய்ரோவில் அரபு லீக் அமைப்பின் வெளிவிவகார அமைச்சர்கள் கூடியபோது, ஈராக்கின் ஆசனத்தில் யாரை அமர்த்துவது என்ற வினாவே பல மணி நேரம் அவர்களது கவனத்தை ஆட்கொண்டிருந்தது. ஈராக் அரபு லீக்கின் ஸ்தாபக உறுப்பு நாடுகளுள் ஒன்று. ஆனால், அந்நாட்டின் ஆட்சியோ அந்நிய இராணுவத்தின் கையில் இருந்தது. சதாம் ஹுசைன் தலைமறைவாகியிருந்தார். ஆக்கிரமிப்பு அதிகாரிகள் நியமித்த ஆட்சிப் பேரவையொன்றின் சார்பில் வந்து நின்ற அமைச்சரை ஏற்றுக்கொள்வது ஆக்கிரமிப்பையே ஏற்றுக்கொள்வதாகுமா என்று அரபு அமைச்சர்கள் தயங்கினர். இறுதியில் செப்டெம்பர் 9ஆம் திகதி, தற்காலிகமாக அவருக்கு இடமளிக்க இணங்கினர். அவ்வாறு அரபு நாடுகளின் மன்றத்தில் ஈராக்கின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அமர்ந்த ஹோஷியார் ஸெபாரி, அரபியர் அல்லர். அவர் ஒரு குர்தியர். தமது வாழ்நாளில் பெரும்பகுதியை ஈராக்கிய அரசுக்கு எதிரான போராட்டத்தில் கழித்தவர்.

அன்று ஒரு வருட காலத்திற்கு எனத் தற்காலிகமாக வழங்கப்பட்ட அந்த ஆசனத்தில் ஸெபாரி 2014ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் நீடித்தார். அக்காலப்பகுதியில் பக்தாத்தில் ஆட்சியின் வடிவம் நான்கு தடவைகள் மாறியது. முதலில் ஆக்கிரமிப்பு அதிகாரசபையின் கீழியங்கிய ஆட்சிப் பேரவை. அடுத்து 2004 ஜூனில் அமைந்த அயாத் அல்லாவியின் இடைக்கால அரசாங்கம். பின்னர் 2005 மே மாதத்தில் இப்ராஹிம் ஜஃபாரியின் தலைமையில் பதவியேற்ற நிலைமாறுகால அரசாங்கம். இறுதியாக 2006ஆம் ஆண்டு முதல் நூரி அல் மாலிகியின் அரசாங்கம். பிரதமர்கள் வந்து போயினர். உள்துறை, பாதுகாப்பு, எண்ணெய் முதலிய அமைச்சுகள் கை மாறின. வெளிவிவகார அமைச்சர் மட்டும் மாறவில்லை. இந்த நீடிப்பு எவ்வாறு சாத்தியமாயிற்று, அதனால் அவரது மக்கள் பெற்றது என்ன, பெறாமற் போனது என்ன என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸெபாரி 1953ஆம் ஆண்டு, வட ஈராக்கில் மோசுல் நகருக்கு அப்பாலுள்ள அக்ரா என்ற மலைநகரில் பிறந்தார். ஸெபாரி என்பது அப்பிரதேசத்தின் செல்வாக்கு மிக்க குர்திஷ் குலமொன்றின் பெயர். குர்திஷ் தேசிய இயக்கத்தின் தலைவராக விளங்கிய முல்லா முஸ்தபா பர்ஸானி இக்குலத்திலேயே பெண் கொண்டார். அத்திருமணத்தின் வழி பிறந்தவரே பிற்காலத்தில் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியின் தலைவரான மஸூத் பர்ஸானி. அவருக்கு ஹோஷியார் ஸெபாரி தாய்மாமன் ஆவார். ஆயினும், மருமகனை விட மாமன் ஏழு வயது இளையவர். குர்திஷ் அரசியலில் குடும்ப உறவும் கட்சி உறவும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. ஸெபாரியின் எழுச்சிக்கு அவரது திறமை எவ்வளவு துணை நின்றதோ அவ்வளவுக்கு இந்த உறவும் துணை நின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

அவர் இளைஞராயிருந்த காலத்தில் குர்தியரின் போராட்டம் பெரும் வீழ்ச்சியொன்றைச் சந்தித்தது. 1975ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி அல்ஜியர்ஸ் நகரில் ஈரானிய மன்னர் ஷாவும், அப்போது ஈராக்கின் உப தலைவராயிருந்த சதாம் ஹுசைனும் உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டனர். ஷத் அல் அரப் நீர்வழியின் எல்லை குறித்து ஈராக் விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிரதியாக ஈரான் குர்தியருக்கு அளித்து வந்த உதவியை நிறுத்தியது. அமெரிக்காவும் கைவிரித்தது. சில வாரங்களுக்குள் முல்லா முஸ்தபாவின் கிளர்ச்சி நிலைகுலைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எல்லை கடந்து ஏதிலிகளாயின. வல்லரசுகளின் வாக்குறுதி எத்தகையது என்பதையும், தமது விதி தாம் இல்லாத அறைகளில் தீர்மானிக்கப்படுகிறது என்பதையும் குர்திஷ் தலைமுறையொன்று அன்று கற்றுக்கொண்டது. ஸெபாரி அத்தலைமுறையைச் சேர்ந்தவர்.

ஜோர்தான் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் பயின்று 1976இல் பட்டம் பெற்ற அவர், பின்னர் பிரிட்டனுக்குச் சென்று எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அபிவிருத்திச் சமூகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் கல்வி கற்ற குர்திஷ் மாணவர்களின் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1979ஆம் ஆண்டு குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியின் மத்திய குழுவுக்குத் தெரிவானார். அதன் பின் மலைகளுக்குத் திரும்பி, பெஷ்மெர்கா எனப்படும் குர்திஷ் போராளிகளுடன் இணைந்தார். குர்திஷ் மொழியோடு அரபும் ஆங்கிலமும் சரளமாகக் கைவரப் பெற்றிருந்தமையால், போர்க்களத்தை விடப் பேச்சுக்களத்திலேயே அவரது பணி தேவைப்பட்டது.

1988ஆம் ஆண்டு முதல் அவர் லண்டனில் தமது கட்சியின் பிரதிநிதியாக, அதன் வெளிநாட்டு உறவுகளுக்குப் பொறுப்பாக இருந்தார். அந்த ஆண்டு குர்தியரின் நினைவில் அழியாத வடுவைப் பதித்த ஆண்டாகும். அன்பால் எனப் பெயரிடப்பட்ட இராணுவ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான கிராமங்கள் அழிக்கப்பட்டன. மார்ச் 16ஆம் திகதி ஹலப்ஜா நகரின் மீது வீசப்பட்ட இரசாயனக் குண்டுகளினால் ஏறத்தாழ 5,000 பேர் உயிரிழந்தனர். ஸெபாரியின் சகோதரர்களும் சதாம் ஆட்சியின் கைகளில் உயிரிழந்தனர். மேற்கு நாடுகளின் தலைநகரங்களில் வெளிவிவகார அலுவலகக் கதவுகளைத் தட்டிய குர்திஷ் பிரதிநிதிகளுக்கு அன்று கிடைத்த வரவேற்பு குளிர்ந்ததாகவே இருந்தது. ஈரானுக்கு எதிரான போரில் ஈராக்கை ஆதரித்த அரசுகள் ஹலப்ஜாவைப் பற்றிக் கேட்க விரும்பவில்லை. அங்கீகாரமற்ற ஒரு மக்களின் தூதுவராக இருப்பதன் சிரமத்தை ஸெபாரி அந்த ஆண்டுகளிலேயே அனுபவித்தார். பின்னர் அங்கீகாரம் குன்றிய ஓர் அரசாங்கத்தின் அமைச்சராக அவர் உலகைச் சுற்றியபோது இந்த அனுபவமே அவருக்குக் கைகொடுத்தது.

1991ஆம் ஆண்டு குவைத் போரின் முடிவில் எழுந்த குர்திஷ் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மலைகளுக்குத் தப்பியோடினர். அதன் பின்னரே மேற்கு நாடுகளின் விமானப் பாதுகாப்பின் கீழ் வட ஈராக்கில் ஒரு சுயாட்சிப் பிரதேசம் உருவாயிற்று. 1992 மே மாதத்தில் அங்கு தேர்தல் நடைபெற்றது. ஆனால், பர்ஸானியின் கட்சிக்கும் ஜலால் தலபானியின் குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியத்துக்கும் இடையே 1994இல் மூண்ட சகோதர யுத்தம் அந்த நம்பிக்கையைச் சிதறடித்தது. 1996 ஓகஸ்ட் 31ஆம் திகதி, தலபானியின் படைகளை எர்பில் நகரிலிருந்து விரட்டுவதற்காக பர்ஸானியின் கட்சி சதாம் ஹுசைனின் இராணுவத்தையே துணைக்கு அழைத்தது. குர்தியரைக் கொன்று குவித்த இராணுவம் குர்தியரின் அழைப்பின் பேரில் குர்திஷ் நகருக்குள் நுழைந்தது. இச்செயலை உலகுக்கு விளக்க வேண்டிய சங்கடமான பொறுப்பு, கட்சியின் வெளியுறவுகளைக் கவனித்தவர்களையே சேர்ந்தது. 1998 செப்டெம்பரில் வொஷிங்டனில் கைச்சாத்தான உடன்படிக்கையே இரு கட்சிகளையும் மீண்டும் ஒரு மேசைக்குக் கொண்டு வந்தது.

2003 மார்ச் மாதத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது படையெடுத்தன. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் வெளிப்படையான அனுமதி அப்படையெடுப்புக்கு இருக்கவில்லை. அதற்குக் காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதங்களும் பின்னர் கண்டுபிடிக்கப்படவில்லை. முஸ்லிம் உலகெங்கும் அது ஆக்கிரமிப்பாகவே நோக்கப்பட்டது. குர்தியருக்கோ அது சதாமிடமிருந்து கிடைத்த விடுதலையாகத் தோன்றியது. ஒரே நிகழ்வு இரு மக்களின் கண்களுக்கு இவ்வாறு முற்றிலும் வேறுபட்டுத் தெரிந்தமையே ஸெபாரியின் பிற்கால அரசியல் வாழ்வின் அடிப்படைச் சிக்கலாகும். படையெடுப்பை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். அந்த நிலைப்பாட்டிலிருந்து அவர் ஒருபோதும் பின்வாங்கவில்லை.

2003 ஜூலை 13ஆம் திகதி அமெரிக்க நிர்வாகி போல் பிரேமர் 25 பேர் கொண்ட ஆட்சிப் பேரவையை நியமித்தார். ஷியாக்கள் 13 பேர், சுன்னி அரபியர் ஐவர், குர்தியர் ஐவர், துருக்மேனியர் ஒருவர், அசிரியக் கிறிஸ்தவர் ஒருவர் என இனமத விகிதாசாரப்படி அது அமைந்தது. செப்டெம்பர் மாத ஆரம்பத்தில் அறிவிக்கப்பட்ட அமைச்சரவையும் இதே அளவுகோலைப் பின்பற்றியது. அந்தப் பங்கீட்டில் வெளிவிவகார அமைச்சு குர்தியருக்குக் கிடைத்தது. ஈராக்கின் சனத்தொகையில் 15 முதல் 20 சதவீதம் எனக் கணிக்கப்படும் ஒரு சமூகத்தவருக்கு, நாட்டின் முகமாகவே விளங்கும் பதவி சென்றமை அந்நாட்டின் வரலாற்றில் புதியதொரு திருப்பமாகும்.

ஆனால், அவர் பொறுப்பேற்றபோது அந்த அமைச்சிடம் அதிகாரம் என்று கூறத்தக்கது மிகச் சொற்பமே. பேரவையின் எத்தீர்மானத்தையும் நிராகரிக்கும் அதிகாரம் பிரேமரிடம் இருந்தது. பாதுகாப்புச் சபையின் 1483ஆம் இலக்கத் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகளாகவே குறிப்பிட்டிருந்தது. அவர் பதவியேற்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஓகஸ்ட் 7ஆம் திகதி ஜோர்தானியத் தூதரகமும், ஓகஸ்ட் 19ஆம் திகதி ஐக்கிய நாடுகள் அலுவலகமும் குண்டுத்தாக்குதலுக்கு இலக்காகியிருந்தன. பின்னைய தாக்குதலில் செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உட்பட 22 பேர் கொல்லப்பட்டனர். வெளிநாட்டவர் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு தலைநகருக்கு வெளிநாட்டுத் தூதுவர்களை வரவழைப்பதே புதிய அமைச்சரின் முதற்பணியாயிற்று.

இத்தகைய அரசாங்கமொன்றின் வெளிவிவகார அமைச்சர், ஏனைய நாடுகளின் அமைச்சர்களைப் போன்று வர்த்தகத்தையும் எல்லையையும் பற்றிப் பேசுவதற்கு முன், தமது அரசாங்கம் ஓர் அரசாங்கந்தான் என்பதை நிறுவ வேண்டியவராகிறார். உள்நாட்டில் தேர்தல் நடந்திருக்கவில்லை. அரசியலமைப்பு இல்லை. எனவே, வெளியுலகின் அங்கீகாரமே அந்த ஆட்சிக்கு எஞ்சியிருந்த ஆதாரம். அரபு லீக்கின் ஆசனத்தை அவர் அவ்வளவு விடாப்பிடியாகக் கோரியதன் காரணம் இதுவே.

அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி சதாம் ஹுசைன் பிடிபட்டார். மூன்று நாட்களின் பின் பாதுகாப்புச் சபையில் உரையாற்றிய ஸெபாரி, இராஜதந்திர மரபுகளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பேசினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த கொடுங்கோன்மையிலிருந்து ஈராக்கிய மக்களைக் காப்பதில் ஐக்கிய நாடுகள் சபை தவறிவிட்டது என்று அவர் நேரடியாகவே குற்றஞ்சாட்டினார். தோண்டியெடுக்கப்படும் மனிதப் புதைகுழிகள் அத்தவறுக்குச் சாட்சி பகர்கின்றன என்றார். பழி சுமத்துவதற்கு இது தருணமல்ல என்பது செயலாளர் நாயகம் கொபி அனானின் பதிலாக இருந்தது. அன்று அவ்விடத்தில் பேசியவர் ஈராக்கின் அமைச்சராயினும், ஒலித்தது ஹலப்ஜாவின் குரல். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மூடியிருந்த கதவுகளுக்கு உள்ளே நின்று அவர் அக்குற்றச்சாட்டை முன்வைத்தார்.

அவரது இரட்டை நிலை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 2004 ஜூன் மாதத்திலாகும். அவ்வாண்டு மார்ச் 8ஆம் திகதி கைச்சாத்தான இடைக்கால நிர்வாகச் சட்டம் ஈராக்கை ஒரு சமஷ்டி நாடாக வரையறுத்தது. அரபு, குர்திஷ் ஆகிய இரண்டையும் உத்தியோகபூர்வ மொழிகளாக்கியது. நிரந்தர அரசியலமைப்பை மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் நிராகரித்தால் அது தோல்வியடையும் என்ற ஏற்பாட்டையும் அது கொண்டிருந்தது. மூன்று மாகாணங்களில் பெரும்பான்மையினராக வாழும் குர்தியருக்கு இது தற்காப்புக் கேடயமாகும். எனவே, இறைமையை ஈராக்கியரிடம் கையளிப்பது தொடர்பான பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தில் இச்சட்டம் குறிப்பிடப்பட வேண்டும் என்று குர்தியர் வலியுறுத்தினர். பர்ஸானியும் தலபானியும் ஜூன் 1ஆம் திகதி ஜனாதிபதி புஷ்ஷுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினர். இச்சட்டம் கைவிடப்பட்டால் மத்திய அரசாங்கத்தில் பங்கேற்பதிலிருந்து குர்தியர் விலகுவர் என அதில் எச்சரித்தனர். மறுபுறம், ஷியாக்களின் உயர் மதத் தலைவர் ஆயதுல்லா அலி சிஸ்தானி, தெரிவு செய்யப்படாத பேரவையொன்றின் சட்டத்துக்குச் சர்வதேச அங்கீகாரம் அளிக்கலாகாது என உறுதியாக எதிர்த்தார்.

இந்தச் சர்ச்சை கொந்தளித்துக்கொண்டிருந்த வேளையில், ஜூன் 3ஆம் திகதி பாதுகாப்புச் சபையின் முன் நின்று ஈராக்கின் வழக்கை எடுத்துரைத்தவர் ஸெபாரி. பூரண இறைமை வேண்டும், இயற்கை வளங்கள் மீதான கட்டுப்பாடு வேண்டும் என அவர் கோரினார். அதேவேளை, அந்நியப் படைகள் அவசரமாக வெளியேறினால் நாடு உள்நாட்டுப் போரில் வீழும் எனவும் வாதிட்டார். ஜூன் 8ஆம் திகதி 1546ஆம் இலக்கத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சமஷ்டி முறையை அது வரவேற்றது. ஆனால், குர்தியர் கோரிய அந்தச் சட்டத்தின் பெயர் தீர்மானத்தில் இடம்பெறவில்லை. ஸெபாரி ஈராக்குக்காக வென்ற நாளிலேயே அவரது கட்சித் தலைமை தான் தோற்றுவிட்டதாகக் கருதியது. அவர் பதவி விலகவில்லை. குர்தியரும் அரசாங்கத்திலிருந்து விலகவில்லை. ஜூன் 28ஆம் திகதி, குறிக்கப்பட்ட தினத்துக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே, இறைமை கையளிக்கப்பட்டது.

அந்த இடைக்கால அரசாங்கத்தின் எஞ்சிய மாதங்களில் வெளியுறவுத் துறையில் குறிப்பிடத்தக்க இரு நிகழ்வுகள் இடம்பெற்றன. 2004 நவம்பர் 21ஆம் திகதி, பாரிஸ் கழகம் எனப்படும் கடன் வழங்குநர் நாடுகளின் குழு, தனக்கு ஈராக் செலுத்த வேண்டியிருந்த 38.9 பில்லியன் டொலர் கடனில் 80 சதவீதத்தைக் கட்டம் கட்டமாக நீக்க இணங்கியது. இதற்கான பேச்சுவார்த்தை நிதி அமைச்சின் பொறுப்பாயினும், அங்கீகரிக்கப்பட்ட அரசாங்கமொன்று இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. அடுத்த இரு தினங்களில் எகிப்தின் ஷாம் அல் ஷேக் நகரில், படையெடுப்பை எதிர்த்த நாடுகளும் ஆதரித்த நாடுகளும் ஈராக்கின் அயல் நாடுகளும் ஒரே மேசையில் அமர்ந்து, வரவிருந்த தேர்தலுக்கு ஆதரவளித்தன.

2005 ஜனவரி 30ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் 275 ஆசனங்களுள் ஷியா கூட்டணி 140ஐயும் குர்திஷ் கூட்டணி 75ஐயும் வென்றன. சுன்னி அரபியரில் பெரும்பாலானோர் அத்தேர்தலைப் புறக்கணித்தனர். ஏப்ரலில் ஜலால் தலபானி ஜனாதிபதியானார். மே 3ஆம் திகதி ஜஃபாரியின் நிலைமாறுகால அரசாங்கம் பதவியேற்றது. ஸெபாரி வெளிவிவகார அமைச்சராகத் தொடர்ந்தார். இரு வாரங்களுக்குள், மே 17ஆம் திகதி, ஈரானிய வெளிவிவகார அமைச்சர் கமால் கராஸி பக்தாத் வந்தார். எட்டு ஆண்டுகள் போரிட்டு இலட்சக்கணக்கானோரைப் பலிகொடுத்த இரு நாடுகளின் அமைச்சர்கள் கைகுலுக்கினர். 1975இல் ஈரான் கைவிட்டதனால் ஏதிலிகளான மக்களின் பிரதிநிதியே அன்று ஈராக்கின் சார்பில் அவரை வரவேற்றார் என்பது காலத்தின் விசித்திரமாகும்.

எனினும், அரபு உலகின் கதவுகள் அவ்வளவு இலகுவாகத் திறக்கவில்லை. 2005 ஜூலை மாத ஆரம்பத்தில் எகிப்தின் தூதரகத் தலைவர் இஹாப் அல் ஷெரீப் பக்தாத் வீதியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பஹ்ரைன், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் தூதர்களது வாகனங்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது. அம்மாதப் பிற்பகுதியில் அல்ஜீரிய இராஜதந்திரிகள் இருவரும் கடத்திக் கொல்லப்பட்டனர். அரபு நாடொன்று பக்தாத்துக்குத் தூதுவரை அனுப்புவது புதிய ஆட்சியை அங்கீகரிப்பதாகும் என்பதை அல் கைதா நன்கறிந்திருந்தது. ஆகவே, அந்த அங்கீகாரத்தையே அது குறிவைத்தது. பாதுகாப்பு வழங்க இயலாத அரசாங்கத்தின் அமைச்சர் அரபுத் தலைநகரங்களில் தூதுவர்களைக் கேட்டு நின்ற நிலை பரிதாபகரமானதாகும்.

அதே கோடை காலத்தில் வரையப்பட்ட அரசியலமைப்பும் அரபு உலகைச் சஞ்சலப்படுத்தியது. ஈராக்கை அரபு தேசத்தின் ஒரு பகுதி என முழுமையாக வர்ணிக்காத முதல் வரைபை அரபு லீக்கின் செயலாளர் நாயகம் அம்ர் மூஸா பகிரங்கமாகக் கண்டித்தார். குர்தியரோ, தம்மை அரபியர் என்று கூறும் எந்த வாசகத்தையும் ஏற்கத் தயாராயில்லை. இறுதியில் மூன்றாவது உறுப்புரை திருத்தப்பட்டது. ஈராக் பல்வேறு தேசிய இனங்களையும் மதங்களையும் பிரிவுகளையும் கொண்ட நாடு எனவும், அரபு லீக்கின் ஸ்தாபக உறுப்பினராகவும் செயற்படும் உறுப்பினராகவும் உள்ளது எனவும், இஸ்லாமிய உலகின் ஒரு பகுதி எனவும் அது வரையறுத்தது. நாட்டை ஓர் இனத்தின் பெயரால் அழைக்காமல், அந்நாடு வகிக்கும் உறுப்புரிமையால் அழைத்த வாசகம் அது. அரபு லீக்கில் அமர்ந்திருந்த குர்திஷ் அமைச்சரின் நிலையையும் அவ்வாசகம் அச்சொட்டாக விபரித்தது எனலாம். ஒக்டோபர் 15ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பில் 78 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அரசியலமைப்பை ஆதரித்தனர். ஆனால், சுன்னி மாகாணங்களான அன்பாரும் சலாஹுத்தீனும் பெரும்பான்மையாக நிராகரித்தன.

ஸெபாரி மீதான விமர்சனங்களையும் இங்கு பதிவு செய்வது நியாயமாகும். ஆக்கிரமிப்பாளரின் விருப்பத்தை ஈராக்கின் விருப்பமாக மொழிபெயர்த்தவர் என அரபு விமர்சகர்கள் அவரைச் சாடினர். அபூ கிரைப் சிறையின் கொடுமைகளும் பல்லூஜா நகரின் அழிவும் உலகை உலுக்கிய 2004ஆம் ஆண்டில், அந்நியப் படைகள் தங்கியிருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டமை சுன்னி அரபியரின் மனங்களில் ஆறாத கசப்பை ஏற்படுத்தியது. தூதரக நியமனங்கள் கட்சிகளுக்கிடையில் பங்கிடப்பட்டன என்ற குறைபாடும் எழுந்தது. விகிதாசாரப் பங்கீட்டின் மூலம் பதவிக்கு வந்த எவரும் அப்பங்கீட்டின் தீமைகளிலிருந்து முற்றாக விலகி நிற்க முடிவதில்லை.

நிரந்தர அரசாங்கம் அமைந்த பின்னரும் அவரது பணி தொடர்ந்தது. 2008 நவம்பர் 17ஆம் திகதி, அமெரிக்கப் படைகள் 2011ஆம் ஆண்டின் இறுதிக்குள் முற்றாக வெளியேறுவதற்கான உடன்படிக்கையில் அமெரிக்கத் தூதுவர் ரயன் க்ரொக்கருடன் ஈராக்கின் சார்பில் கையொப்பமிட்டவர் ஸெபாரியே. படையெடுப்பை வரவேற்றவரின் பேனாவே படைவிலகலையும் எழுதியது. 2009 ஓகஸ்ட் 19ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் அலுவலகம் தகர்க்கப்பட்டதன் ஆறாவது நினைவு தினத்தன்று, வெடிமருந்து நிரப்பிய லொறியொன்று வெளிவிவகார அமைச்சின் வாயிலருகே வெடித்தது. அன்று நகரில் நிகழ்ந்த தாக்குதல்களில் சுமார் 100 பேர் பலியாகினர். அமைச்சின் ஊழியர்கள் பலரும் அவர்களுள் அடங்குவர்.

2012 மார்ச் மாதம் பக்தாத்தில் அரபு உச்சி மாநாடு நடைபெற்றது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் அந்நகரில் கூடிய முதலாவது உச்சி மாநாடு அதுவாகும். குவைத் அமீரும் அதில் கலந்துகொண்டார். குர்திஷ் ஜனாதிபதியும் குர்திஷ் வெளிவிவகார அமைச்சரும் அரபுத் தலைவர்களை விருந்தோம்பினர். கெய்ரோவில் தற்காலிகமாகக் கிடைத்த ஆசனம், ஒன்பது ஆண்டுகளுக்குள் அரபு உலகையே வரவேற்கும் ஆசனமாயிற்று. 2013 ஜூன் 27ஆம் திகதி பாதுகாப்புச் சபையின் 2107ஆம் இலக்கத் தீர்மானம், காணாமற்போன குவைத்தியர் தொடர்பான விடயத்தை ஐக்கிய நாடுகள் சாசனத்தின் கட்டாய நடவடிக்கைகளுக்குரிய ஏழாவது அத்தியாயத்திலிருந்து ஆறாவது அத்தியாயத்துக்கு மாற்றியது. சதாம் குவைத்தை ஆக்கிரமித்ததன் விளைவாக ஈராக்கின் கழுத்தில் வீழ்ந்த தளைகளுள் பெரும்பாலானவை அத்துடன் தளர்ந்தன. ஸெபாரியின் சாதனைகளுள் இதனையே தலையாயதாகக் கூறலாம்.

ஆனால், வெளியுலகுடன் கணக்குகள் தீர்க்கப்பட்ட வேகத்தில் உள்நாட்டுக் கணக்குகள் தீர்க்கப்படவில்லை. கிர்குக் உள்ளிட்ட சர்ச்சைக்குரிய பிரதேசங்களின் எதிர்காலத்தை 2007ஆம் ஆண்டின் இறுதிக்குள் வாக்கெடுப்பு மூலம் தீர்மானிக்க வேண்டும் என அரசியலமைப்பின் 140ஆவது உறுப்புரை விதித்திருந்தது. அந்தத் திகதி கடந்து சென்றது. வாக்கெடுப்பு நடைபெறவேயில்லை. எண்ணெய் வருமானத்தைப் பகிர்வதற்கான சட்டமும் இழுபட்டுக்கொண்டே சென்றது. 2014 ஜூன் 10ஆம் திகதி மோசுல் நகரம் ஐ.எஸ். இயக்கத்திடம் வீழ்ந்தது. ஈராக்கிய இராணுவம் பின்வாங்கிய கிர்குக்கினுள் பெஷ்மெர்கா படைகள் நுழைந்தன. ஜூலையில் பிரதமர் மாலிகி, எர்பில் நகரம் பயங்கரவாதிகளின் புகலிடமாகிவிட்டது எனக் குற்றஞ்சாட்டினார். குர்திஷ் அமைச்சர்கள் அமைச்சரவையைப் பகிஷ்கரித்தனர். ஜூலை 11ஆம் திகதி வெளிவிவகார அமைச்சின் பொறுப்பு ஹுசைன் அல் ஷஹ்ரிஸ்தானியிடம் தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்டது. அதன் பின் செப்டெம்பரில் அப்பதவிக்கு வந்தவர், ஸெபாரி முன்னர் எவரது நிலைமாறுகால அரசாங்கத்தில் பணியாற்றினாரோ அந்த இப்ராஹிம் ஜஃபாரியே.

பின்னர் நிதி அமைச்சராக ஸெபாரி மீண்டும் பக்தாத்துக்குத் திரும்பினார். எனினும், நிதி முறைகேடு குறித்த குற்றச்சாட்டுகளின் பேரில் 2016 செப்டெம்பர் 21ஆம் திகதி பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். அது அரசியற் பழிவாங்கல் என்றார். 2017 செப்டெம்பர் 25ஆம் திகதி குர்திஸ்தானில் நடைபெற்ற சுதந்திர வாக்கெடுப்பின்போது மஸூத் பர்ஸானியின் ஆலோசகராக அதனை நியாயப்படுத்திப் பேசினார். 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்த அவ்வாக்கெடுப்பை எந்த வல்லரசும் ஏற்கவில்லை. மூன்று வாரங்களில் கிர்குக்கை ஈராக்கிய இராணுவம் மீளக் கைப்பற்றியது. 2022இல் அவரது கட்சி அவரை ஈராக்கின் ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. பெப்ரவரி 13ஆம் திகதி, 2016ஆம் ஆண்டின் பதவி நீக்கத்தைக் காட்டி, சமஷ்டி உச்ச நீதிமன்றம் அவரது வேட்புமனுவைத் தடுத்தது.

பிரிந்து செல்வதற்கான வாக்கெடுப்பை ஆதரித்தவர் நான்கரை ஆண்டுகளில் அதே நாட்டின் ஜனாதிபதி பதவியை நாடியதை முரண்பாடாகச் சிலர் நோக்கலாம். குர்திஷ் அரசியலின் கண்ணோட்டத்தில் அதில் முரண்பாடு இல்லை. பக்தாத்தில் உரிய பங்கு கிடைக்கும் வரை பக்தாத். அது மறுக்கப்படும்போது எர்பில். இந்த இரு கதவுகளையும் திறந்தே வைத்திருப்பதுதான் 1975ஆம் ஆண்டின் பாடத்திலிருந்து அவர்கள் வகுத்துக்கொண்ட வழி. பெரும்பான்மையினரின் சந்தேகம் அதனாலேயே தீராமல் நீடித்தது என்பதும் உண்மையாகும்.

ஸெபாரியின் பதினொரு ஆண்டுகள் இரண்டு விடயங்களை ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றன. சிறுபான்மை இனமொன்றைச் சேர்ந்தவர், அந்த அரசினால் தமது குடும்பத்திலேயே இழப்புகளைச் சந்தித்தவராயினும், அதன் நலன்களை உலக அரங்கில் திறம்படக் காக்க முடியும். அவ்வாறு காத்தமைக்காக அவரது சமூகத்தின் உரிமைகள் தாமாகவே பாதுகாக்கப்பட்டுவிடும் என எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. கடன் நீங்கியது, தூதரகங்கள் திறந்தன, தளைகள் தளர்ந்தன. இவையனைத்தும் ஈராக் முழுவதற்கும் கிடைத்த நன்மைகள். குர்தியருக்கெனச் சட்டத்தில் எழுதப்பட்டவற்றுள் மொழியுரிமையும் சமஷ்டிப் பிராந்தியமும் நிலைத்தன. 140ஆவது உறுப்புரை காகிதத்திலேயே தங்கிவிட்டது.

2020 ஜூன் மாதத்தில் பக்தாத்தின் வெளிவிவகார அமைச்சுக்கு மீண்டும் ஒரு குர்தியரான புவாத் ஹுசைன் நியமிக்கப்பட்டார். அதனை எவரும் வியப்புடன் நோக்கவில்லை. 2003இல் அரபு லீக்கின் அமைச்சர்களைப் பல மணி நேரம் விழித்திருந்து விவாதிக்கச் செய்த ஒரு நியமனம், பதினேழு ஆண்டுகளில் வழமையாகிவிட்டது. ஆனால், ஒரு சமூகத்துக்குப் பதவியொன்றை ஒதுக்குவது எளிது; அச்சமூகத்துக்கு எழுத்தில் அளித்த வாக்கை நிறைவேற்றுவதே அரிது. ஈராக்கின் ஆட்சியாளர்கள் முன்னையதைப் பழகிக்கொண்டனர். 2007ஆம் ஆண்டின் இறுதிக்குள் நடந்திருக்க வேண்டிய கிர்குக் வாக்கெடுப்போ நடைபெறாத வாக்கெடுப்பாகவே அரசியலமைப்பின் ஏட்டில் எஞ்சி நின்றது.